நம்பர் இருக்கோ?

நான் அந்த அன்ரியை முதன்முதலில் பார்த்த சனிக்கிழமை, அவர் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரைச் சங்கத்தின் வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தார். சிட்னியின் டூங்கபியில் ஒரு பள்ளிக்கூடத்தின் சில வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்துச் சங்கம் பிள்ளைகளுக்கு டியூசன் நடத்திக்கொண்டிருந்தது. தலைவர் வீடு விற்கும் தரகர். பிளாக்டவுன் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் யாராவது ஒருவர் வீட்டு வேலியில் அவர் முகம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அந்த முகத்தைப் பார்த்து அன்ரி கேட்டார்.

"தம்பி, நம்பர் இருக்கோ?"

"என்ன நம்பர் அக்கா?"

"பிள்ளையளோட வேலை செய்யிறதுக்கு அரசாங்கம் விசாரிச்சுத் தாற நம்பர்."

"அக்கா, நான் தலைவர்."

"ஓம், அது எனக்குத் தெரியும். நம்பர் இருக்கோ எண்டுதான் கேட்டனான்."

இல்லை. தலைவர் அன்று முழுவதும் கார் நிறுத்துமிடத்தில் தன் காருக்குள் உட்கார்ந்து, தொலைபேசியிலேயே சங்கத்தை நடத்தினார். மழை தூறியபோது வைப்பரைப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துக் கையசைத்தார். ஏதோ அவராக விரும்பித்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று நாங்களும் நம்பியது போலத் திருப்பிக் கையசைத்தோம்.

அப்போது அரசாங்கம் டியூசனுக்காகக் குடும்பங்களுக்கு வவுச்சர் தந்துகொண்டிருந்தது. எங்கே படிப்பிப்பது என்பது பெற்றோரின் விருப்பம். அந்த இடம் பதிவு பெற்றதாக இருந்தால் போதும். பதிவு பெறுவதற்கு, சிறுவர் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும் என்று ஒரு விதி. எங்கள் சங்கத்தில் உபதலைவர், துணைச் செயலாளர் பதவிகளுக்கே உறவு முறிகிற அளவுக்குச் சண்டை நடக்கும். இந்தப் பதவிக்கு மட்டும் ஒருவரும் கை தூக்கவில்லை, ஏனென்றால் இதற்கு மேடையில் நாற்காலி கிடையாது. அன்ரி தூக்கினார். "பேருக்கு ஒராள் இருந்தாப் போதும்" என்று தலைவர் சொன்னது கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அன்ரியின் காதில் மட்டும் விழவில்லை.

அன்ரிக்கு அறுபது தாண்டியிருக்கும். குள்ளம். தலைக்குத் தானே சாயம் பூசிக்கொள்வார். கை எட்டாத இடத்தில், பின்னந்தலையில் ஒரு பட்டை வெள்ளையாகவே இருக்கும். சேலைக்குக் கீழே ஓட்டக்காரர்கள் போடும் சப்பாத்து. விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைப் பிரிவில் வேலை செய்தார். பையைத் திற, கையைத் தூக்கு என்று பகல் முழுக்க மனிதர்களை உரித்துப் பார்க்கிற வேலை. "மந்திரி வந்தாலும் பெல்ட்டைக் கழட்டத்தான் வேணும்" என்பார். "கழட்டினாப் பிறகு எல்லாருக்கும் காற்சட்டை ஒரேமாதிரித்தான் இறங்கும்."

அந்த வேலையை அவர் சனிக்கிழமைகளில் சங்கத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். மெல்பேர்னில் அட்டை தருவார்கள். சிட்னியில் வெறும் நம்பர்தான். அந்த நம்பரைக் கணினியில் போட்டுப் பார்த்தால்தான் அது உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். ஊரில் பலர் நம்பரைக் கேட்பதோடு திருப்தி அடைந்துவிடுவார்கள். அன்ரி போட்டுப் பார்ப்பார். போன மாதம் பார்த்ததை இந்த மாதமும் பார்ப்பார். சமோசா கொண்டுவருகிறவரிடம் கேட்டார். ஒலிபெருக்கி கட்ட வந்தவரிடம் கேட்டார். சரஸ்வதி பூசைக்கு வந்து, குழந்தைகளின் கையைப் பிடித்து அரிசியில் எழுதவைக்க உட்கார்ந்த ஐயரிடமும் கேட்டார்.

"அபசாரம்" என்று யாரோ சொன்னார்கள். ஐயர் மட்டும் பதறவில்லை. மடியிலிருந்த போனை எடுத்து அன்ரியிடம் நீட்டினார். "கோயில்ல எங்க எல்லாருக்கும் எடுத்தாச்சும்மா. நீங்கதான் முதல்முதலா கேக்கறீங்க."

அன்ரி அதையும் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் "இப்ப பிடியுங்கோ" என்றார்.

நான் திருச்சிக்காரி. இலங்கைக்காரர்கள் நிறைந்த அந்தச் சங்கத்தில் என் மகளின் ஆங்கிலக் கட்டுரைக்காக மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தவள். எனக்கு அன்ரியைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் சிரிக்க முடியவில்லை.

மலேசியத் தமிழ்ப் பையன் ஒருவன் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருவான். பல்கலைக்கழக மாணவன். அவன் வகுப்பில்தான் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்கும். ஒருநாள் நன்றாக எழுதிய சிறுமிக்கு அவன் ஒரு சாக்லேட் கொடுத்தான். அன்ரி எல்லோர் முன்னாலும் வைத்து, "ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏன் குடுத்தனீர்?" என்று கேட்டார். கேட்ட தொனியில் சாக்லேட் வெடிகுண்டாகிவிட்டது. பையன் காது வரை சிவந்து, "சாரி அன்ட்டி, சாரி" என்றான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அன்ரி அதற்காக வருத்தப்பட்டதாக எனக்குத் தெரியாது.

இன்னொரு நாள் பேரனைக் கூட்டிப்போக ஒரு பெரியவர் வந்தார். பிள்ளையைக் கூட்டிச் செல்லலாம் என்று தாய் எழுதிக்கொடுத்த பெயர்களில் அவர் பெயர் இல்லை. தாயோ தொலைபேசியை எடுக்கவில்லை.

"என்ர பேரனை நான் களவெடுக்கப் போறனோ?" என்றார் பெரியவர்.

"இல்லை ஐயா. ஆனா களவெடுக்க வாறவனும் உப்பிடித்தான் கேப்பான்."

பெரியவருக்கு ஒரு கதிரை போட்டார். குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். பேரனை மட்டும் கொடுக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே பேரனும் வெளியே தாத்தாவும், தாய் திருப்பி அழைக்கும் வரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் தேநீரைத் தொடவே இல்லை.

இப்படியாக ஊரே வெறுக்கத் தயாராகியிருந்த நேரத்தில்தான் மெல்பேர்ன் சேர் என்று எல்லோரும் கூப்பிட்ட ஆசிரியர் வந்து சேர்ந்தார்.

செலக்டிவ் பள்ளிக்கூடம் என்று ஒன்று உண்டு. அரசாங்கப் பள்ளிதான், ஆனால் ஆறாம் வகுப்பில் மே மாதம் ஒரு பரீட்சை எழுதித் தேறியவர்களை மட்டுமே சேர்ப்பார்கள். அந்தப் பரீட்சைக்காக எங்கள் ஆட்கள் பிள்ளை பிறந்த உடனேயே கவலைப்பட ஆரம்பிப்பார்கள். சேர் மெல்பேர்னின் கிளென் வேவர்லிப் பகுதியில் பேர்பெற்ற ஆசிரியர். நல்ல பள்ளிக்கூட எல்லைக்குள் வீடு வாங்க வக்கில்லாதவர்கள்கூட இவரிடம் பிள்ளையை விட்டால் கரையேறலாம் என்று பேச்சு. வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். "குழந்தைகள்தான் நான் கும்பிடுகிற தெய்வம்" என்று அறிமுகக் கூட்டத்தில் சொன்னபோது முன்வரிசையில் இரண்டு அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவ்வளவு புகழ் இருக்கிற ஊரை விட்டு ஏன் வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்ரி கேட்டார்.

"சிட்னி காத்து எனக்கு ஒத்துக்கொள்ளுது அன்ரி" என்றார் சேர்.

"நல்லது. நம்பர் இருக்கோ?"

சேர் சிரித்துக்கொண்டே ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார்.

"இது மெல்பேர்ன் காட். இஞ்ச செல்லாது."

"ஒரே நாடுதானே அன்ரி."

"ஒரே நாடுதான். மெல்பேர்ன் ட்ராம் டிக்கெட்டை வைச்சுக்கொண்டு டூங்கபியில ரெயில் ஏற விடுறாங்களோ?"

விண்ணப்பம் போட்டிருப்பதாகச் சேர் சொன்னார். தலைவர் இடையில் புகுந்தார். இதற்குள் அவர் தனக்கு நம்பர் எடுத்திருந்ததால் உள்ளே நின்று பேசும் தகுதி அவருக்கு வந்திருந்தது. "அக்கா, சோதனை மே மாதம். நம்பருக்குக் காத்துக்கொண்டிருந்தா எங்கட பிள்ளையளுக்குப் பேரப்பிள்ளை பிறந்திடும்." கூட்டம் கைதட்டியது. சேர் படிப்பிக்கத் தொடங்கினார்.

வகுப்பறைகளின் கடைசியில், பந்துகளும் பாய்களும் வைக்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவராக அந்த அறையில் வைத்துச் சேர் சிறப்புப் பயிற்சி கொடுப்பார். கதவைச் சாத்திவிடுவார். சத்தம் வந்தால் பிள்ளையின் கவனம் சிதறுமாம். என் மகள் அதற்குத் தேர்வாகவில்லை. பின்னக் கணக்கில் மந்தம் என்றார் சேர். என் கணவர் வீட்டில் துக்கம் காத்தார். தலைவரின் இளைய மகள் முதல் ஆளாகத் தேர்வானாள். தலைவர் எங்கள் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்.

அன்ரி அந்தக் கதவைத் திறந்துவைத்தார். சேர் சாத்தினார். அன்ரி ஒரு ரப்பர் கட்டை வாங்கிவந்து கதவுக்கு அடியில் செருகினார். கட்டை காணாமல் போனது. அன்ரி ஒரு பை நிறையக் கட்டைகள் வாங்கிவந்தார். சேர் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஒவ்வொரு முறையும் "அன்ரிக்கு வயசு போயிட்டுது" என்று இரக்கத்தோடு பெற்றோரிடம் சொல்வார். அது நன்றாக வேலை செய்தது.

பெற்றோர் கூட்டம் கூடியது. ஒரு தாய் எழுந்தார். "எங்கட பிள்ளையளின்ர எதிர்காலத்தில ஏன் அன்ரி மண் அள்ளிப் போடுறியள்?"

என் கணவரும் எழுந்தார். "கதவு திறந்திருந்தா கான்சன்ட்ரேஷன் போகுதுன்னு சார் சொல்றார். இத்தனை வருஷம் சொல்லிக்குடுத்தவருக்குத் தெரியாததா?"

அன்ரி நின்றபடியே எல்லோரையும் பார்த்தார். அன்றுதான் அவர் குரல் தாழ்ந்து கேட்டேன்.

"நான் அவர் கெட்டவர் எண்டு சொல்லேல்லை. கதவு திறந்திருக்கட்டும் எண்டுதான் சொல்லுறன். திறந்த கதவால ஒரு நல்ல மனுசருக்கு என்ன நட்டம்? இன்னொண்டு. அந்த அறைக்குப் போற பிள்ளையள் ஏன் திரும்பத் திரும்பப் பாத்ரூம் போகக் கேக்குதுகள்?"

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ர மகளும்தான் போறா அக்கா. தண்ணி கூடக் குடிக்கிறா. அதுக்கும் நம்பர் எடுக்க வேணுமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அன்ரியை அந்தப் பொறுப்பில் வைத்திருப்பதா என்று வாக்கெடுத்தார்கள். நான் அன்ரிக்காகக் கை தூக்கினேன். பக்கத்தில் என் கணவர் எதிர்த்துத் தூக்கினார். எங்கள் குடும்பத்தின் கருத்து அத்தோடு செல்லாமல் போனது. அன்ரி தோற்றார். எங்கள் சங்கம் பண்பாடு மிக்கது. ஒருவரை விரட்டினால்கூடப் பொன்னாடை போர்த்தித்தான் விரட்டும். அன்ரிக்கும் போர்த்தினார்கள். தலைவர் அவருடைய "அளப்பரிய சேவை"யைப் பற்றிப் பேசினார். அன்ரி பொன்னாடையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, போகும் வழியில் அந்தச் சின்ன அறையின் கதவை ஒருமுறை திறந்துவைத்துவிட்டுப் போனார்.

புதிய பாதுகாப்புப் பொறுப்பாளராகத் தலைவரின் மைத்துனர் வந்தார். அவர் நல்ல மனிதர். யாரையும் எதுவும் கேட்கமாட்டார். வவுச்சர் அலுவலகத்துக்குக் கொடுத்திருந்த தொலைபேசி இலக்கத்தை மாற்றுவதற்குக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தபோது அது பழையபடி அன்ரிக்கே வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, விமான நிலையத்துச் சீருடையோடு அன்ரி நேராக வகுப்புக்கு வந்து நின்றார். பிள்ளைகளை விட வந்த பெற்றோர் எல்லோரும் வாசலில் இருந்தார்கள்.

"கந்தோரில இருந்து கதைச்சவை. இந்த மனுசன் பிள்ளையளோட வேலை செய்யக் கூடாது எண்டு தடை போட்டிருக்கினம். இண்டைக்கே நிப்பாட்டச் சொல்லினம்."

சேர் சிரித்தார். "சின்னக் குழப்பம். பேர் மாறியிருக்கும். நான் சரிசெய்து போட்டு வாறன்." புத்தகங்களை நிதானமாக அடுக்கி எடுத்துக்கொண்டு, காரில் ஏறிப் போனார். சிறப்புப் பயிற்சிப் பிள்ளைகளின் தாய்மார் கார் வரை போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

பிறகு எல்லோரும் அன்ரியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன காரணத்துக்குத் தடை எண்டு சொன்னவையோ?" என்றார் தலைவர்.

"சொல்ல மாட்டினம் தம்பி. அது ரகசியம்."

"அப்ப காரணம் ஒண்டும் இல்லை."

இப்படி ஒரு தர்க்கத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் அங்கிருந்த பொறியியலாளர்கள், மருத்துவர்கள், கணக்காளர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் என் கணவரின் தலையும் இருந்தது.

அடுத்த வாரம் என் கணவரின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பெற்றோர் சிலர் சேர்ந்து ஒரு புதிய வாட்ஸாப் குழு தொடங்கியிருந்தார்கள். செய்தி இதுதான்: "பிறந்தநாள் கொண்டாட்டம். ஞாயிறு காலை. தலைவர் வீட்டுக் கராஜ். பென்சில், அழிறப்பர் கொண்டுவரவும்."

வவுச்சர் கேள்வி கேட்கும், கைக்காசு கேட்காது. அதனால் இவர்கள் அரசாங்கத்தின் இலவசத்தை உதறிவிட்டுச் சொந்தக் காசைக் கொடுக்கத் தயாராகிவிட்டார்கள். இலவசமாகக் கிடைப்பதை எங்கள் ஆட்கள் உதறி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"நம்ம பொண்ணுக்கும் இடம் குடுத்திருக்காங்க. பின்னத்தைச் சரி பண்ணிடலாம்னு சார் சொன்னாராம்" என்றார் கணவர்.

"பொண்ணு போக மாட்டா" என்றேன்.

"எல்லாரும் போறாங்க."

"எல்லாரும் போகட்டும்."

எங்கள் வீட்டில் அந்த வாரம் கதவுகள் பலமாகச் சாத்தப்பட்டன. நான் போனை எடுத்துக்கொண்டு போய் அந்தச் செய்தியை அன்ரிக்குக் காட்டினேன். அவர் அதை மெதுவாக, உதடு அசையப் படித்தார். பிறகு போலீசைக் கூப்பிட்டார். தடை போடப்பட்ட ஆள் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது குற்றம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லையும் உரத்து, விமான நிலையத்தில் அறிவிப்பது போலச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் தலைவர் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் அன்ரியின் காரில் இருந்தோம். போலீஸ் வண்டி வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒரு பெண் அதிகாரியும் இருந்தார். அன்ரி இறங்கிப் பேசியதும், எங்கள் இருவரையும் வேலியோரமாக நிற்கச் சொன்னார்கள். ஒருவர் வீட்டின் முன்வாசலுக்குப் போனார். பெண் அதிகாரி கராஜின் இரும்புக் கதவைத் தட்டினார்.

உள்ளே கதிரைகள் இழுபடும் சத்தம். பிறகு கதவு உருண்டு மேலே போனது. உள்ளிருந்து 'ஹேப்பி பர்த்டே' பாட்டு கிளம்பியது.

நான் என் கண்ணால் பார்த்தேன். மேசைமேல் ஒரு கேக். அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், ஒவ்வொருவர் கையிலும் பென்சில். பின்னால் அப்பா அம்மாக்கள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் பலகையை யாரோ சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் இப்படி ஒரு கேக்கை வாங்கித் தயாராக வைத்திருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. யாரும் வராவிட்டால் வகுப்பு முடிய அதை வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். வீணாக்கும் பழக்கம் எங்களிடம் இல்லை.

"யாருக்குப் பிறந்தநாள்?" என்று பெண் அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

பல விரல்கள் ஒரு சின்னப் பையனைக் காட்டின. அவன் கண்களில் நீர் முட்டியது. "மைன்... ஐ திங்க்" என்றான்.

அப்போது தலைவரின் இளைய மகள் பென்சிலை மேசையில் வைத்தாள்.

"இட்ஸ் நோபடிஸ் பர்த்டே. வீ ஆர் டூயிங் மேத்ஸ்."

பாட்டு நின்றது. தலைவர் சிரிக்க முயன்றார். "பகிடி விடுறா. இவ இப்பிடித்தான், எப்பவும் பகிடி."

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. பெண் அதிகாரியிடம், "கேன் ஐ டாக் டு யூ? அவுட்சைட்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு மேசையைச் சுற்றி, கேக்கைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி வெளியே வந்தாள். வீட்டின் முன்னாலிருந்த குட்டைச் சுவரில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்ரி என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"பாராதையும் பிள்ளை. அங்கால திரும்பும். அவள் கதைக்கட்டும்."

ஊரில் ஒருவரையும் பார்க்காமல் விட்டிராத அந்த மனுஷி தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நானும் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சிறுமி பேசி முடிக்க வெகுநேரம் ஆனது. அன்ரியின் கை என் தோளில் இருந்து எடுபடவில்லை.

சேர் இதற்கிடையில் கராஜிலிருந்து வீட்டுக்குள் நழுவி முன்வாசலுக்குப் போயிருந்தார். அங்கே நின்ற போலீஸ்காரர் அவரை வண்டியில் ஏற்றினார். அவள் என்ன சொன்னாள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. பிறகு இன்னும் இரண்டு பிள்ளைகள் பேசினார்கள். வழக்கு நடந்தது. சேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். சங்கத்தின் பதிவு போனது. பெற்றோர் சிலர் மீதும் விசாரணை வந்தது. என் கணவர் அந்த வாட்ஸாப் குழுவிலிருந்து வெளியேறினார். அதைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை பேச்சு இல்லை.

சேர் கைதான சில வாரங்களில், நான் அன்ரி வீட்டில் இருந்தபோது தலைவர் வந்தார். வேலிகளில் சிரிக்கிற முகத்துக்கும் வாசலில் நின்ற முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. சவரம் செய்திருக்கவில்லை. வந்தவர் உட்காரவும் இல்லை.

"அக்கா, நீங்கள் அப்பவே கொஞ்சம் வடிவாச் சொல்லியிருந்தா..." என்று தொடங்கினார். கதவு நிலையில் தலையை வைத்துக்கொண்டு அழுதார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இதைவிட வடிவாக, இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? இப்போது அன்ரி நாலு வாங்கு வாங்குவார் என்று காத்திருந்தேன்.

"ஓம் தம்பி. நான் வடிவாச் சொல்லேல்லை" என்றார் அன்ரி. "வாரும். வந்து இரும்."

அவர் போன பிறகு நான் கேட்டேன். "ஏன் ஆன்ட்டி அப்படிச் சொன்னீங்க? உங்க மேல என்ன தப்பு?"

"அவன் ஆரையாவது ஏச வேணும் பிள்ளை. தன்னை ஏசத் தொடங்கினா அவன் உயிரோட இருக்கமாட்டான். அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் வேணும்."

அன்ரியைப் புரிந்துகொண்டுவிட்டதாக நினைத்திருந்த நான் அதற்குப் பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

ஊர் சும்மா இருக்குமா? சேரைப் பற்றிப் பேசி அலுத்தபின் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசத் தொடங்கியது. "பாவம், இனி அவளுக்கு..." என்று கோயிலில் ஒரு தாய் இழுத்தார். கராஜில் முதல் வரிசையில் நின்று கைதட்டிப் பாடிய தாய் அவர். அன்ரி பிரசாதத் தட்டோடு திரும்பி, "இனி அவளுக்கு என்ன? சொல்லி முடியுங்கோ" என்றார், கொடிமரம் வரைக்கும் கேட்க. அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு கோயிலில் ஒருவரும் முடிக்கத் துணியவில்லை. ஆனால் தலைவர் வீட்டுக்குப் போகிறவர்களும் நின்றுபோனார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போவாள், வருவாள், அறைக்குள் இருப்பாள். செலக்டிவ் பரீட்சையை அவள் எழுதவில்லை. வேறெதற்கும் வரமாட்டேன் என்கிறாள் என்று அவள் தாய் அன்ரியிடம் அழுதிருக்கிறார்.

அந்தக் கோடையில் என் மகளைக் கூட்டிக்கொண்டு பிளாக்டவுன் பக்கம் நீச்சல் குளத்துக்குப் போனேன். பெரியவர்களும் குழந்தைகளும் கத்திக்கொண்டிருந்த அந்த இடத்தில் எல்லாச் சத்தத்துக்கும் மேலாக ஒரு கதறல் கேட்டது. எனக்குப் பழகிய குரல்.

அன்ரி தண்ணீரில் இருந்தார். முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை கறுப்புக் காற்சட்டை, தலையில் இறுக்கமான மஞ்சள் ரப்பர் தொப்பி. இடுப்பளவு தண்ணீரில் ஒரு நுரைப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தார். பலகையின் மறுமுனையைப் பிடித்து அவரை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தாள் தலைவரின் மகள்.

கரையில் இருந்த பெஞ்சில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் இடம் கொடுத்து நகர்ந்தார். "குளத்துக்குப் போவமோ எண்டு அன்ரி கேட்டவ. இவள் மாட்டன் எண்டாள். எனக்கு நீந்தத் தெரியாது, ஒருத்தரும் பழக்கித் தரேல்லை எண்டு அன்ரி அழுதவ. பொய்யா மெய்யா தெரியேல்லை. இப்ப நாலாவது வாரமா வாறம்."

"தலையைத் தண்ணிக்குள்ள வைங்கோ அன்ரி" என்றாள் சிறுமி.

"ஏலாது. மூக்குக்குள்ள போகும்."

"போகாது. ப்ளோ பபிள்ஸ்."

"ஐயோ, என்னை விடாதையடி!"

"அன்ரி, டோன்ட் டாக். கிக்!"

அன்ரி வாயை மூடிக்கொண்டு காலை உதைத்தார். தண்ணீர் எழும்பிப் பெஞ்சு வரை வந்து எங்கள் மேல் அடித்தது. "நொட் லைக் தட்! முழங்காலை மடக்காதேங்கோ!" என்று அந்தப் பிள்ளை குளமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.